கிட்னி மாற்றிய பிறகு எந்த ரத்தப் பரிசோதனை? கிரியேட்டினின், டாக் லெவல், டி.எஸ்.ஏ., செல்-ஃப்ரீ டி.என்.ஏ.: ஓர் ஒப்பீடு

மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கிறதா என்று கண்காணிக்க இன்று பல ரத்தப் பரிசோதனைகள் இருக்கின்றன. சில நூறு ரூபாயில் முடிவதும் உண்டு; அமெரிக்காவில் ஒரு தடவைக்கு 2,800 டாலருக்கு மேல் கட்டணம் வைத்திருப்பதும் உண்டு. விலை கூடினால் பதிலும் தெளிவாகும் என்று பல குடும்பங்கள் நம்புகின்றன. அது சரியில்லை. இவற்றில் எதுவும் 'ரிஜெக்‌ஷன்' என்று நேராகச் சொல்வதில்லை. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கு விடை தருகிறது.

சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேலை குறைந்திருக்கிறதா என்பதைக் கிரியேட்டினின் சொல்லும். நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து போதிய அளவு ரத்தத்தில் இருக்கிறதா என்பதை டாக்ரோலிமஸ் அளவு சொல்லும். கொடையாளரின் திசுவைக் குறிவைத்து ஆன்டிபாடி உருவாகிவிட்டதா என்பதை டி.எஸ்.ஏ. சொல்லும். மாற்றி வைத்த சிறுநீரகத்தின் செல்கள் இப்போது சிதைந்துகொண்டிருக்கின்றனவா என்பதைச் செல்-ஃப்ரீ டி.என்.ஏ. சொல்லும். உங்களுக்கு இப்போது எந்தக் கேள்வி முக்கியம் என்று தெரிந்தால்தான் எதற்குப் பணம் செலவழிப்பது என்பதும் தெரியும்.

நிராகரிப்பில் இரண்டு வகை உண்டு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் டி-செல்கள் சிறுநீரகத்தின் நுண்குழல்களுக்குள் புகுந்து தாக்குகின்றன. பெரும்பாலும் ஸ்டீராய்டு ஊசிக்குக் கட்டுப்படும். மற்றதில் ஆன்டிபாடிகள் நுண்ரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்குகின்றன. இது மெதுவாக, சத்தமில்லாமல் நடக்கும். முற்றிய பிறகு சிகிச்சைக்குச் சரியாக மசிவதில்லை. கீழே வரும் பரிசோதனைகளில் சில இரண்டாவது வகையைத்தான் நன்றாகப் பிடிக்கும்; முதல் வகையைக் கோட்டைவிடும்.

கிரியேட்டினின்: 'நார்மல்' என்று அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள்

லேப் தாளில் வலது ஓரத்தில் 0.6 முதல் 1.2 வரை என்று இயல்பு அளவு போட்டிருக்கும். மாற்றுச் சிறுநீரகம் வைத்திருப்பவருக்கு அந்த வரம்பு உதவாது. அவருக்கான அடிப்படை அளவு என்ன என்பதுதான் கணக்கு. அறுவைக்குப் பிறகு நிலைப்பட்ட மாதங்களில் திரும்பத் திரும்ப 0.8 வந்தவருக்கு ஒரு நாள் 1.1 வந்தால், தாளில் எந்த நட்சத்திரக் குறியும் இருக்காது. ஆனால் அது 37 சதவீத ஏற்றம். அடிப்படையைவிட 20 முதல் 25 சதவீதம் ஏறினாலே காரணம் தேட வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. ஆகவே உங்கள் அடிப்படை எண்ணை மருந்துச் சீட்டின் மேலேயே எழுதி வைத்திருங்கள். புதிய மருத்துவர் பார்க்கும்போது அந்த ஒரு எண் பல பக்கங்களுக்குச் சமம்.

ஒரே லேபில் பார்ப்பதும் அதே அளவு முக்கியம். கிரியேட்டினினை அளக்க ஜாஃபே முறை, என்சைம் முறை என இரண்டு வழிகள் உண்டு. பிலிருபின், கீட்டோன், சில செஃபலோஸ்போரின் மருந்துகள் ஆகியவை ஜாஃபே முறையில் எண்ணை அசைத்துவிடும். இந்த மாதம் ஒரு லேப், அடுத்த மாதம் வேறு லேப் என்று போனால் 0.1, 0.2 வித்தியாசம் சிறுநீரகத்திலிருந்து வந்ததா, இயந்திரத்திலிருந்து வந்ததா என்று தெரியாமல் போகும். கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரையில் உள்ள டிரைமெத்தோப்ரிம், வடிகட்டும் திறன் குறையாமலே எண்ணைக் கொஞ்சம் ஏற்றும். வயிற்றுப்போக்கு, தண்ணீர் போதாமை, முந்தின நாள் நிறையக் கறி சாப்பிட்டது, ஜிம்மில் கிரியேட்டின் பொடி எல்லாமே ஏற்றும்.

இதன் பெரிய குறை தாமதம். சிறுநீரகத்தில் கணிசமான சேதம் நடந்த பிறகே கிரியேட்டினின் அசையத் தொடங்கும். பெரியவர் ஒருவரின் சிறுநீரகத்தைச் சின்னக் குழந்தைக்கு வைத்திருந்தால் இன்னும் தாமதமாகும். அந்தச் சின்ன உடம்புக்கு அந்தச் சிறுநீரகத்தின் திறன் தேவைக்கும் அதிகம் என்பதால் பாதி போனாலும் எண் அப்படியே நிற்கலாம். இருந்தும் இதை விட முடியாது. மலிவு, அன்றைக்கே முடிவு, எங்கும் கிடைக்கும். கூடவே சிறுநீரில் புரதம்–கிரியேட்டினின் விகிதத்தையும் பார்த்தால் தனியே கிரியேட்டினின் சொல்லாததைச் சில சமயம் அது சொல்லிவிடும்.

டாக் லெவல்: மணி பார்த்து எடுக்காவிட்டால் எடுக்காமலிருப்பதே மேல்

டாக்ரோலிமஸ் அளவு நிராகரிப்பைக் காட்டுவதில்லை. நிராகரிப்புக்கு வாசல் திறந்திருக்கிறதா என்று காட்டுகிறது. பெரும்பாலான மையங்கள் முதல் சில மாதங்களுக்கு மில்லிலிட்டருக்கு 8 முதல் 12 நானோகிராம் என்ற அளவிலும், பிறகு 5 முதல் 8 என்ற அளவிலும் வைக்கின்றன. உங்கள் இலக்கு இதிலிருந்து மாறலாம். மருத்துவரிடம் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த மாத்திரைக்கு முன்னால், அளவு மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில்தான் ரத்தம் எடுக்க வேண்டும். இரவு 9 மணிக்கும் காலை 9 மணிக்கும் மாத்திரை என்றால், காலை 8.30-லிருந்து 9-க்குள் ரத்தம், அதன் பிறகே மாத்திரை. நாளுக்கு ஒருமுறை போடும் நீள்செயல் மாத்திரை என்றால் 24 மணி நேர இடைவெளி. எங்கே தவறுகிறது என்றால், லேப் வரிசையில் நேரமாகிறது என்று மாத்திரையைப் போட்டுவிட்டு 11 மணிக்கு ரத்தம் கொடுப்பதில். அப்போது வருவது உச்ச அளவு. தாளில் 16 என்று வரும், மருந்தைக் குறைப்பார்கள், உண்மையான கீழ் அளவு 4-க்கு இறங்கும். பிறகு சில வாரத்தில் கிரியேட்டினின் ஏறினால் யாரும் அந்த 11 மணியை நினைப்பதில்லை. கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு, ரத்தம் எத்தனை மணிக்கு என்று இரண்டையும் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள்.

இந்த ரத்தம் ஊதா மூடிக் குழாயில்தான் போக வேண்டும். டாக்ரோலிமஸ் பெரும்பாலும் சிவப்பணுக்களுக்குள் இருப்பதால் சீரத்தைப் பிரித்து அளந்தால் எண் தவறாகும். அளக்கும் முறையும் முக்கியம்: ஆன்டிபாடியைக் கொண்டு அளக்கும் இம்யூனோஅஸே முறை மருந்தின் சிதைவுப் பொருட்களையும் சேர்த்து எண்ணிவிடுவதால் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவது வழக்கம். லேபை மாற்றினால் முறையும் மாறியதா என்று கேளுங்கள்.

மருந்துகளின் மோதல் இங்கேதான் அதிகம் அடிக்கிறது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டோயின், கார்பமாசெபின் ஆகியவை டாக்ரோலிமஸ் அளவை அடியோடு இறக்கும். ஃப்ளூகோனசோல், வோரிகோனசோல், கிளாரித்ரோமைசின், டில்டியாசெம் ஆகியவை ஏற்றும். பம்ப்ளிமாஸ் பழமும் ஏற்றும். வயிற்றுப்போக்கு வந்தால் அளவு இறங்கும் என்றுதான் தோன்றும். நடப்பது தலைகீழ், பெரும்பாலும் ஏறும், ஏனெனில் குடலில் மருந்தைச் சிதைக்கும் செல்களே பழுதாகிவிடுகின்றன.

ஒரு தடவை வந்த எண்ணைவிட, எண்கள் எவ்வளவு ஆடுகின்றன என்பது ஆபத்தை நன்றாகக் காட்டும். கடைசி ஆறு அளவுகளை எடுத்து, திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுங்கள். அது 30 சதவீதத்தைத் தாண்டினால், மாத்திரை நேரம் தவறுகிறது அல்லது வேறு மருந்து குறுக்கிடுகிறது என்று எடுத்துக்கொண்டு தேட வேண்டும். இந்த ஏற்ற இறக்கம் உள்ளவர்களுக்கு ஆன்டிபாடி உருவாகும் வாய்ப்பு கூடுதல். இதற்குத் தனிச் செலவே இல்லை. கையில் இருக்கும் பழைய தாள்கள் போதும்.

டி.எஸ்.ஏ.: ஒரே பெயரில் வெவ்வேறு பரிசோதனைகள்

கொடையாளரின் செல்கள் மேலுள்ள எச்.எல்.ஏ. என்ற அடையாளப் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடுவது டி.எஸ்.ஏ. கனடாவின் வின்னிபெக்கில் 315 நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2012-இல் வெளியான ஆய்வு இதன் கனத்தைக் காட்டுகிறது. 15 சதவீதம் பேருக்குப் புதிதாக டி.எஸ்.ஏ. உருவானது, சராசரியாக 4.6 ஆண்டில். பத்து ஆண்டு முடிவில் டி.எஸ்.ஏ. இல்லாதவர்களின் சிறுநீரகங்களில் 96 சதவீதம் வேலை செய்தன, டி.எஸ்.ஏ. வந்தவர்களில் 57 சதவீதம்தான். முதல் வருடம் நன்றாகப் போனது என்று கண்காணிப்பைக் கைவிடுபவர்கள் இந்த 4.6-ஐக் கவனிக்க வேண்டும்.

லேபில் 'டி.எஸ்.ஏ.' என்று கேட்டால் என்ன கிடைக்கும் என்பதில்தான் குழப்பம். நம் நாட்டில் பரவலாகச் செய்வது லைசேட் முறை. கொடையாளரின் ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களை உடைத்து, அதில் உள்ள எச்.எல்.ஏ. புரதங்களை நுண்ணிய மணிகளில் (பீட்) ஒட்டி, அதனுடன் உங்கள் சீரத்தைச் சேர்ப்பார்கள். கொடையாளர் உயிரோடு, பக்கத்தில் இருந்தால் எளிது, விலை குறைவு. ஆனால் உணர்திறன் குறைவு, அதிலும் இரண்டாம் வகுப்பு எச்.எல்.ஏ.வில் (டி.ஆர்., டி.க்யூ., டி.பி. வகைகள்) தவறவிடும். இரண்டாவது, சிங்கிள் ஆன்டிஜென் பீட் முறை. ஒவ்வொரு மணியிலும் ஒரே ஒரு எச்.எல்.ஏ. இருக்கும், எதற்கு எதிராக ஆன்டிபாடி, எவ்வளவு வலுவாக என்று தனித்தனியே தெரியும். கொடையாளர் ரத்தம் தேவையில்லை, அவருடைய எச்.எல்.ஏ. வகைப்பாடு இருந்தால் போதும். நீண்ட காலக் கண்காணிப்புக்கு இதுதான் சரி. பி.ஆர்.ஏ. என்பது இவை இரண்டுமில்லை. பொதுமக்களில் எத்தனை சதவீதம் பேருக்கு எதிராக உங்களிடம் ஆன்டிபாடி இருக்கிறது என்று மட்டும் சொல்லும்.

இங்கே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பழைய வகைப்பாட்டுத் தாள்களில் ஏ, பி, டி.ஆர். ஆகிய மூன்று எச்.எல்.ஏ. வகைகள் மட்டுமே இருக்கும். ஆனால் மாற்றுக்குப் பிறகு புதிதாக உருவாகும் ஆன்டிபாடிகளில் மிக அதிகம் டி.க்யூ.வுக்கு எதிரானவை. கொடையாளரின் டி.க்யூ. தெரியாவிட்டால், மணியில் டி.க்யூ. ஆன்டிபாடி பளிச்சென்று தெரிந்தாலும் அது கொடையாளருக்கு எதிரானதா, பொருட்படுத்த வேண்டாததா என்று சொல்ல வழியில்லை. கொடையாளர் அம்மாவோ அண்ணனோ என்றால் இன்றே ஒரு ரத்த மாதிரி கொடுத்து டி.க்யூ., டி.பி. வரை வகைப்படுத்தி வைத்துவிடலாம். பின்னால் அவர் வெளிநாடு போய்விட்டால், காலமாகிவிட்டால், அந்த வாய்ப்பு திரும்பாது.

முடிவு எம்.எஃப்.ஐ. என்ற ஒளிர்வு எண்ணாக வரும். 1,000-க்குக் கீழே பலவீனம் என்பது பரவலாகப் புழங்கும் கோடு. ஆனால் எல்லா லேபுக்கும் பொதுவான கோடு இல்லை. எண் இரட்டித்தால் ஆன்டிபாடி இரட்டித்தது என்றும் அர்த்தமில்லை, மணி நிரம்பிவிட்டால் எண் அதற்கு மேல் ஏறாது. மிக வலுவான ஆன்டிபாடி இருக்கும்போது எண் தவறாகக் குறைந்து வருவதும் உண்டு: ரத்தத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் என்ற எதிர்ப்புப் புரதங்கள் மணியை மூடிக்கொள்வதால் ஒளிரும் சாயம் ஒட்ட இடமில்லாமல் போகும். சீரத்தை ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளால் பதப்படுத்தினாலோ நீர்க்கச் செய்து மறுபடி பார்த்தாலோ உண்மை தெரியும். லேப் இதைச் செய்கிறதா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

டிரான்ஸ்பிளான்டேஷன் சொசைட்டியின் 2013 பரிந்துரைப்படி, ஆபத்து குறைந்தவர்களுக்கு மாற்றிய 3 முதல் 12 மாதத்துக்குள் ஒருமுறையாவது டி.எஸ்.ஏ. பார்க்க வேண்டும். அதன் பிறகு மருந்தைப் பெரிதாக மாற்றினால், மாத்திரை விட்டுப்போனது தெரிந்தால், கிரியேட்டினின் ஏறினால், வேறு மருத்துவமனைக்கு மாறினால் மறுபடி. வருடம் ஒருமுறை சிங்கிள் ஆன்டிஜென் பார்க்க முடிந்தால் நல்லது. டி.எஸ்.ஏ. இருப்பதாலேயே நிராகரிப்பு நடக்கிறது என்று ஆகாது; அதைத் தெரிந்துகொள்ளத்தான் அடுத்த பரிசோதனையும், ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் பயாப்சியும்.

செல்-ஃப்ரீ டி.என்.ஏ.: புதியது, விலையுயர்ந்தது, அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது

செல் சாகும்போது அதன் டி.என்.ஏ. துண்டுதுண்டாக ரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகம் இன்னொருவருடையது என்பதால் அதிலிருந்து வரும் துண்டுகளின் மரபணு எழுத்துகள் உங்களுடையதிலிருந்து பல இடங்களில் வேறுபடும். அந்த வேறுபாடுகளைப் படித்து, ரத்தத்தில் மிதக்கும் மொத்த டி.என்.ஏ.வில் எத்தனை சதவீதம் கொடையாளருடையது என்று கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவில் ஆலோஷ்யூர், ப்ரோஸ்பெரா என்பவை இவற்றில் பேர்பெற்றவை. 2017-இல் வெளியான ஆலோஷ்யூர் ஆய்வில் 266 மரபணு இடங்களைப் படித்தார்கள். ப்ரோஸ்பெரா 13,000-க்கும் மேற்பட்ட இடங்களைப் படிக்கிறது. கொடையாளரின் ரத்தம் தனியாகத் தேவையில்லை. இந்தத் துண்டுகள் ரத்தத்தில் நிற்பது மிகக் குறைந்த நேரம், பாதி அளவு அழிய இரண்டு மணி நேரத்துக்குள்தான் ஆகும். எனவே இன்று எடுத்த ரத்தம் இன்றைய சேதத்தைச் சொல்கிறது. கிரியேட்டினினுக்கு இல்லாத பலம் இது.

எண்களுக்கு வருவோம். டார்ட் என்ற அந்த 2017 ஆய்வு, 102 நோயாளிகளின் 107 பயாப்சிகளோடு ஒப்பிட்டது. நிராகரிப்பு இல்லாதவர்களில் நடுமதிப்பு 0.3 சதவீதம். ஆன்டிபாடி வகை நிராகரிப்பில் 2.9. டி-செல் வகையில் கடுமையானதற்கு 1.2. ஆனால் டி-செல் வகையில் லேசான முதல் படிக்கு 0.2, அதாவது ஆரோக்கியமானவரிலிருந்து பிரித்தறிய முடியாத எண். காரணம் இருக்கிறது: ஆன்டிபாடி தாக்குவது ரத்தக் குழாயின் உட்சுவரை, அங்கே செத்த செல் நேராக ரத்தத்தில் விழுகிறது. லேசான டி-செல் தாக்குதல் நுண்குழல்களைச் சுற்றி நடப்பதால் ரத்தத்துக்கு வந்துசேருவது கொஞ்சம்.

ஒரு சதவீதத்தை வெட்டுக்கோடாக வைத்தபோது, நிராகரிப்பு இருந்தவர்களில் 59 சதவீதம் பேரைப் பிடித்தது; இல்லாதவர்களில் 85 சதவீதம் பேரைச் சரியாக விடுவித்தது. இதை ஒரு தெருவுக்கு இறக்கிப் பார்ப்போம். எந்தத் தொந்தரவும் இல்லாத 100 பேர் இருக்கிறார்கள், அவர்களில் 10 பேருக்கு மறைந்த நிராகரிப்பு என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனை அந்தப் பத்தில் சுமார் 6 பேரைப் பிடிக்கும், 4 பேரை விடும். மீதி 90 பேரில் 13, 14 பேருக்கு 'ஒன்றுக்கு மேல்' என்று வரும். ஆக பயந்துபோன 20 பேரில் 6 பேருக்குத்தான் உண்மையில் நோய். நன்றாக இருப்பவர் தன் நிம்மதிக்காக இதைச் செய்துகொள்வதைப் பற்றி நான் தயங்குவது இதனால்தான். அதே ஆய்வில் ஆன்டிபாடி வகையை மட்டும் எடுத்தால் நிலைமை மேல்: ஒரு சதவீதத்துக்குக் கீழே வந்தால் அந்த வகை இல்லை என்பது 96 சதவீதம் சரியாக இருந்தது. ஆன்டிபாடி வகை இல்லை என்று தள்ளிவைக்க உதவும் கருவி இது. நிராகரிப்பு இருக்கிறது என்று முடிவுகட்டும் கருவி இல்லை.

சதவீதமாக அளப்பதிலேயே ஒரு வலை இருக்கிறது. ரத்தத்தில் மில்லிலிட்டருக்குக் கொடையாளர் துண்டுகள் 50, உங்களுடையவை 5,000 என்றால் விடை சுமார் ஒரு சதவீதம். அதே நாளில் உங்களுக்குக் காய்ச்சல் வந்து உங்கள் துண்டுகள் 10,000 ஆகிவிட்டால் விடை 0.5. சிறுநீரகத்தில் எதுவும் மாறவில்லை, தாள் மட்டும் நல்ல செய்தி சொல்கிறது. உடற்பருமனும் இப்படியே எண்ணை அமுக்கும். வெள்ளையணுக்கள் குறைந்தால் எதிர்த்திசையில் பெருக்கிக் காட்டும். சதவீதத்தோடு, மில்லிலிட்டருக்கு எத்தனை கொடையாளர் பிரதிகள் என்ற தனி எண்ணையும் தரும் லேபாகத் தேர்ந்தெடுங்கள்.

எப்போது எடுக்கவே கூடாது என்பதும் தெரிய வேண்டும். அறுவை முடிந்து முதல் இரண்டு வாரத்தில் எண் இயல்பாகவே உயர்ந்திருக்கும். பயாப்சி செய்த மறுநாள் ஊசி குத்திய காயமே எண்ணை ஏற்றும். எனவே இரண்டும் வேண்டுமென்றால் ரத்தம் முதலில், ஊசி பிறகு. சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் மூன்றாவது ஆளின் டி.என்.ஏ. கலக்கும். கர்ப்பத்தில் குழந்தையின் டி.என்.ஏ. கலக்கும். ஒரே கருவிலிருந்து பிறந்த அச்சு இரட்டையர் கொடுத்த சிறுநீரகம் என்றால் பிரித்தறியவே முடியாது. சிறுநீர்த் தொற்றும், மாற்றுச் சிறுநீரகத்தைத் தாக்கும் பி.கே. வைரஸும் நிராகரிப்பு இல்லாமலே எண்ணை உயர்த்தும்.

ரத்தம் எடுக்கும் விதம் தவறினால் மொத்தப் பணமும் வீண். சாதாரண ஊதா குழாயில் வைத்தால் சில மணி நேரத்தில் உங்கள் வெள்ளையணுக்கள் குழாய்க்குள்ளேயே உடைந்து உங்கள் டி.என்.ஏ. பெருகும், கொடையாளர் பங்கு பொய்யாகக் குறையும். அதனால்தான் செல்களை உடையாமல் காக்கும் ஸ்ட்ரெக் போன்ற தனிக் குழாய். முழுதாக, 10 மில்லி வரை நிரப்ப வேண்டும், 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக்கூடாது, உறைய விடவே கூடாது. அந்தக் குழாயின் மேல்வரம்பு 37 டிகிரி. மே மாத மதியத்தில் பைக் பெட்டிக்குள் போகும் கூரியரில் அது தாண்டிவிடும். காலையிலேயே எடுத்து வெப்பம் தடுக்கும் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள். ஹெப்பாரின் போட்ட டயாலிசிஸ் லைனிலிருந்து எடுக்க வேண்டாம், ஹெப்பாரின் பி.சி.ஆர். வினையையே கெடுக்கும்.

ஒரே ஒரு எண்ணை வைத்து எதுவும் செய்யாதீர்கள். நிலையாக இருக்கும் நோயாளிகளிலேயே இது ஆடும். ஆலோஷ்யூரில் முந்தைய அளவிலிருந்து 61 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் இயல்பான ஆட்டத்தைத் தாண்டியது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 0.2 இருந்தவருக்கு 0.3 வந்தால் அது செய்தியில்லை. 0.2 இருந்தவருக்கு 0.7 வந்தால், ஒன்றைத் தொடாவிட்டாலும் செய்திதான்.

மரபணு வெளிப்பாடு: இதயத்துக்குச் சரி, கிட்னிக்குக் காத்திருக்கலாம்

உங்கள் வெள்ளையணுக்களில் எந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று பார்ப்பது இந்த வகை. இதய மாற்றில் ஆலோமேப் என்ற பரிசோதனை 2008-இல் அமெரிக்க அனுமதி பெற்றது. 20 மரபணுக்களைப் பார்த்து 0 முதல் 40 வரை மதிப்பெண் தருகிறது. 2010-இல் வெளியான இமேஜ் ஆய்வில் 602 இதய மாற்று நோயாளிகளில், இந்த ரத்தப் பரிசோதனையால் கண்காணிக்கப்பட்டவர்கள் வழக்கமான பயாப்சியால் கண்காணிக்கப்பட்டவர்களைவிட மோசமாகவில்லை. கழுத்து ரத்தக் குழாய் வழியாகத் திரும்பத் திரும்ப இதயத் திசு எடுக்கும் அவஸ்தை குறைவதால் அங்கே இதற்கு மதிப்பு அதிகம். ஸ்டீராய்டு அளவு கூடினாலும் ரத்தம் ஏற்றியிருந்தாலும் மதிப்பெண் திரியும்.

சிறுநீரகத்துக்கு ட்ரூகிராஃப் என்ற பரிசோதனை இருக்கிறது. கிரியேட்டினின் நிலையாக உள்ளவர்களில் மறைந்த நிராகரிப்பைத் தள்ளிவைக்கத்தான் அது, எண் ஏறியவர்களுக்கு இல்லை. கல்லீரலுக்கு இன்றும் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி., ஜி.ஜி.டி., பிலிருபின் ஆகியவையே முதல் எச்சரிக்கை மணி. சந்தேகம் வந்தால் திசு.

பயாப்சியைத் தவிர்க்கும் ஆசை, பி.கே. வைரஸ் என்ற பொறி

கிரியேட்டினின் ஏறும்போது ரத்தப் பரிசோதனைகளை மட்டும் நம்பி மருந்து தொடங்குவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு பி.கே. வைரஸ் ஒன்றே போதும். அந்த வைரஸ் மாற்றுச் சிறுநீரகத்தில் பெருகினால் கிரியேட்டினின் ஏறும், செல்-ஃப்ரீ டி.என்.ஏ. ஏறும், பார்க்க நிராகரிப்பு மாதிரியே இருக்கும். ஆனால் மருத்துவம் நேரெதிர். நிராகரிப்புக்கு எதிர்ப்புச் சக்தியை இன்னும் அடக்க வேண்டும்; பி.கே.வுக்கு அடக்குவதைத் தளர்த்த வேண்டும். மூன்று நாள் 500 மில்லிகிராம் மீத்தைல்பிரெட்னிசோலோன் ஏற்றிய பிறகு பி.கே. என்று தெரிவது, தீயில் எண்ணெய் ஊற்றிவிட்டுத் தண்ணீர் தேடுவது. பிளாஸ்மா பி.சி.ஆரில் மில்லிலிட்டருக்கு 10,000 பிரதிகளுக்கு மேல் என்றால் வைரஸ் சிறுநீரகத்தைத் தாக்கியிருக்கலாம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். முதல் சில மாதங்களில் மாதம் ஒருமுறை இதைப் பார்ப்பதுதான் வழிகாட்டுதல். பணம் குறைவாக இருந்தால் செல்-ஃப்ரீ டி.என்.ஏ.வுக்கு முன்னால் இதற்குத்தான் செலவழிக்க வேண்டும்.

பயாப்சியில் 16 அல்லது 18 கேஜ் ஊசியால் பொதுவாக இரண்டு இழை எடுப்பார்கள். பான்ஃப் என்ற சர்வதேச விதிப்படி 10 குளோமெருலஸும் (வடிகட்டும் நுண் முடிச்சு) 2 தமனியும் இருந்தால் போதுமான மாதிரி. பெரிய ரத்தப்போக்கு நூற்றில் ஒருவர் அளவில்தான். சிறுநீரகத்தையே இழப்பது மிக மிக அரிது. ஆன்டிபாடித் தாக்குதலின் தடத்தைக் காட்டும் சி4டி சாயம், வைரஸ் சாயம் இரண்டையும் போடச் சொல்லியிருக்கிறார்களா என்று முன்கூட்டியே உறுதிசெய்தால் மறு பயாப்சி தவிரும்.

எந்த நிலையில் எது

மாற்றி ஒரு வருடம் தாண்டிவிட்டது, கிரியேட்டினின் நிலை, முன்பு ஆன்டிபாடி இல்லை, மாத்திரை தவறவில்லை என்றால்: மாதந்தோறுமோ இரண்டு மாதத்துக்கொருமுறையோ கிரியேட்டினின், சிறுநீர்ப் புரதம், நேரம் பார்த்த டாக் லெவல், வருடம் ஒருமுறை சிங்கிள் ஆன்டிஜென் டி.எஸ்.ஏ. செல்-ஃப்ரீ டி.என்.ஏ. இவருக்கு அவசியமில்லை. அந்தப் பணத்தில் கொடையாளரின் டி.க்யூ. வகைப்பாட்டை முடித்துவிடலாம்.

இரண்டாவது மாற்று, அல்லது ஏற்கெனவே டி.எஸ்.ஏ. தெரிந்தவர், அல்லது டாக் லெவல் ஆடிக்கொண்டே இருப்பவர் என்றால் கதை வேறு. இவருக்கு மூன்று மாதத்துக்கொருமுறை டி.எஸ்.ஏ.; எண் புதிதாக வந்தாலோ ஏறினாலோ செல்-ஃப்ரீ டி.என்.ஏ. அது 0.5 சதவீதத்துக்குக் கீழே நிலையாக இருந்து புரதமும் ஒழுகாவிட்டால் மருத்துவரோடு பேசி நெருக்கமாகக் கவனித்துக்கொண்டு காத்திருக்க இடமுண்டு. ஒன்றுக்கு மேல் வந்தால், கிரியேட்டினின் அசையாவிட்டாலும், பயாப்சிக்குப் போவதே சரி. இந்தப் பரிசோதனைக்குக் கொடுக்கும் பணம் முழுப் பயன் தருவது இந்த ஒரு இடத்தில்தான்.

கிரியேட்டினின் 25 சதவீதம் ஏறிவிட்டது என்றால் செல்-ஃப்ரீ டி.என்.ஏ.வுக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் உட்காரக்கூடாது. ஓரிரு நாளில் அதே லேபில் மறுபடி கிரியேட்டினின், டாக் லெவல், சிறுநீர் கல்ச்சர், பி.கே. பி.சி.ஆர்., டாப்ளர் ஸ்கேன். இவற்றில் காரணம் கிடைக்காவிட்டால் பயாப்சி. டி.எஸ்.ஏ.வுக்கான சீரத்தை மட்டும் எந்தச் சிகிச்சையும் தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டும், ஐ.வி.ஐ.ஜி. (பிறர் ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடி மருந்து), ஏ.டி.ஜி. (டி-செல்களை ஒழிக்கும் மருந்து), பிளாஸ்மா மாற்று ஆகிய ஏதாவது ஒன்று போய்விட்டால் அதன் பிறகு வரும் ஆன்டிபாடி எண்ணை நம்ப முடியாது.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர், இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து சில வாரமே ஆனவர் போன்று பயாப்சியைத் தள்ளிப்போட வேண்டியவர்களுக்குச் செல்-ஃப்ரீ டி.என்.ஏ. இடைக்கால உதவி. குறைந்த எண் வந்தால் ஆன்டிபாடி வகையைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம். லேசான டி-செல் வகையைத் தள்ளிவைக்க முடியாது என்பது அப்போதும் மாறாது. நிராகரிப்புக்குச் சிகிச்சை முடிந்து, அடங்கியதா என்று பார்ப்பவர்களுக்கும் இது உதவும். சிகிச்சைக்கு முன் ஒன்று, முடிந்து ஒரு மாதத்தில் ஒன்று என ஒரே லேபில், ஒரே முறையில் எடுத்திருந்தால் மட்டுமே ஒப்பிடலாம்.

எந்த லேபில் கொடுப்பதாக இருந்தாலும் முன்பணம் கட்டும் முன் ஐந்து கேள்வி கேளுங்கள்: டி.எஸ்.ஏ. என்றால் லைசேட்டா, சிங்கிள் ஆன்டிஜெனா? இரண்டாம் வகுப்பில் டி.க்யூ., டி.பி. மணிகளும் உண்டா? செல்-ஃப்ரீ டி.என்.ஏ. சதவீதம் மட்டுமா, பிரதி எண்ணும் தருவார்களா? குழாயை அவர்கள் அனுப்புவார்களா, எத்தனை நாளில் லேபைச் சேர வேண்டும்? முடிவு வர எத்தனை நாள்? கடைசிக் கேள்விக்கு இரண்டு வாரத்துக்கு மேல் என்று பதில் வந்தால், கிரியேட்டினின் ஏறியிருப்பவருக்கு அந்தப் பரிசோதனையை வாங்க வேண்டாம்.